இரண்டு நாள் விடுப்பு

விடுப்புப் படிவத்தில் காரணம் கேட்கும் கட்டத்தில்
சொந்த வேலை என்று எழுதினேன்.
பொய்யில்லை.
துடுப்புப் போடுவது சொந்த வேலைதான்,
எனக்காக வேறு யார் போடுவார்கள்?

தடாவுக்கு வடக்கே சுங்கச்சாவடி, மூன்றாம் பூத்,
இரவு பத்திலிருந்து ஆறு மணி வரை.
வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில்
பாழான ரசீதுகளின் பின்பக்கத்தில்
வளர்ந்தது திட்டம்.
இருக்கம் தீவு. மூன்று பெண்கள்.
கயாக் இரண்டு, பாய் கட்டிய படகு ஒன்று.
ரெஜினாவுக்கு முட்டி வலி, அவள் பாய்ப்படகில்.
சுகுணாவுக்கு எல்லாவற்றிலும் ஏறியாக வேண்டும்.
சாப்பாட்டுக்கு நேரே ஒருத்தி இறால் என்று எழுத
மற்றவள் அடித்துவிட்டு நண்டு என்று எழுதினாள்.
நான் இரண்டையும் வட்டமிட்டேன்.

கயாக் கோவளத்திலிருந்து வர வேண்டும்.
அரிசி ஏற்ற நெல்லூர் போகும் காலி லாரியில்
போட்டுக்கொண்டு வருகிறேன் என்றான் மஸ்தான்.
"உங்க பூத் வழியாத்தானே வரும்,
அதுக்குத் தனியா சுங்கம் கேப்பீங்களா?"
தலைக்கு மேல் தொங்கும் பலகையைப் பார்த்தேன்.
இரண்டு அச்சு, மூன்று அச்சு,
மண் அள்ளும் இயந்திரம்கூட இருந்தது.
சக்கரமே இல்லாததற்கு
யாரும் விலை போட்டிருக்கவில்லை.

முனிரத்தினத்தைப் போனில் பிடிக்க மூன்று நாள்.
தமிழில் கிளம்பி, தெலுங்கில் இறங்கி,
மறுபடி தமிழில் கரையேறும் பேச்சு.
படகை அவர் 'படவ' என்கிறார்.
எங்கள் வீட்டில் அது என் தம்பியின் பெயர்,
அப்பா கோபமாயிருக்கும் நாட்களில்.

எந்தத் தேதி வரலாம் என்றேன்.
"தேதி கெடக்கட்டும். காத்து என்னன்னு கேளுங்க.
பொங்கல் தாண்டி வாங்க.
அதுக்கு முன்னாடி வாடை பாயைக் கிழிக்கும்.
பங்குனிக்கு மேல படவ சேத்துல உக்காந்துக்கும்,
நீங்க எறங்கி அதைச் சுமக்கணும்.
ராக்கெட் விடற அன்னிக்கு
ஒருத்தரும் ஏரியில எறங்கக் கூடாது."
அது என்றைக்கு?
"அவங்க மேகத்தைக் கேட்டுட்டுச் சொல்லுவாங்க."

ஆகவே மூன்று வெவ்வேறு வாரங்களில்
இரண்டிரண்டு நாள் கேட்டிருக்கிறேன்.
மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி
"பொண்ணு பாக்க வராங்களா?" என்றார்.

ஏரிக்குள் தமிழ்நாடு எங்கே முடிகிறது?
இதையும் கேட்டு வைத்தேன்.
"வலை போடறப்ப சண்டை வந்தா
அந்த எடத்துல முடியும்.
வராத நாள்ல முடியறதே இல்ல."
ஃபாஸ்டேக் வேலை செய்யாத வண்டிகளுக்காக
இரவெல்லாம் ஜன்னலில் கை நீட்டுகிறவளுக்கு
அந்தப் பதில் பிடித்திருந்தது.

முன்பணம் அனுப்பிய பிறகு
ரெஜினாவுக்கும் சுகுணாவுக்கும் தெரியாமல்
இன்னொரு தடவை கூப்பிட்டேன்.
எனக்கு நீச்சல் தெரியாது.
மறுமுனையில் வந்தது சிரிப்பா இருமலா, தெரியவில்லை.
"வாய்க்கால் பக்கம் மட்டும் போவாதீங்க.
மத்த எடம் முழங்கால்தான்.
பெரிய மழைன்னா இடுப்பு.
எங்க ஏரியில முங்கணும்னா
படுக்கணும்மா."

படுக்கணும்.

நாலு வருஷமாக ராத்திரியில்
நான் செய்யாத காரியம் அது.
பகலில் படுத்தாலும்
கண்ணுக்குள் ஹெட்லைட் ஓடும்.

ரசீதைத் திருப்பினேன்.
நண்டுக்குக் கீழே, லைஃப் ஜாக்கெட் மூன்றுக்குக் கீழே,
பீமுலவாரிபாளையம் துறையில்
காலை ஐந்தரைக்கு நிற்க வேண்டும் என்பதற்கும் கீழே
கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.
இரண்டாம் நாள் காலை:
அவர்கள் இருவரும் பாய்ப்படகில் போகட்டும்.
நான் கயாக்கில், முழங்கால் தண்ணீரின் மேல்,
துடுப்பைக் குறுக்கே போட்டுவிட்டு

ஹார்ன்.
பதினாறு சக்கரம், ராஜஸ்தான் நம்பர்,
முழுக்க மார்பிள்.
பையன் ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினான்.
வாங்கி, சில்லறை எண்ணிக் கொடுத்து,
கட்டையை உயர்த்தினேன்.