எட்டாயிரத்து எண்பதாம் வாசல்

அம்பத்தூர் எஸ்டேட், இரண்டாம் மாடி.
ஏசி சொட்டுகிறது ஒரு பெயின்ட் வாளியில்.
மணி இரண்டே கால்.
தண்ணி லாரி பதிவுச் சேவை விழுந்துகிடக்கிறது.
நான்தான் தள்ளிவிட்டேன்:
ஒரு சின்ன மாற்றம், அப்புறம் ரீஸ்டார்ட்.
இரண்டு நிமிஷ வேலை என்று
டீயைத் திறந்தே வைத்திருந்தேன்.

எழுந்தது. விழுந்தது.
எழுந்தது. விழுந்தது.
ஐந்தாவது முறைக்குப் பின் சிஸ்டம்டி
அலுத்துப்போய்ச் சொன்னது
ரொம்ப வேகமாகக் கேட்கிறாய்,
இனி எழுப்ப மாட்டேன் என்று.

தணிகைவேல் போனில், பாதித் தூக்கத்தில்:
"ரீபூட் பண்ணிவுடு."
கதவு திறக்கவில்லையென்றால்
வீட்டை இடித்துக் கட்டச் சொல்கிற ஆள்.
மாட்டேன் என்றேன். வைத்துவிட்டான்.

லாக்கைக் கீழிருந்து மேலாகப் படித்தேன்.
அத்தனை இரைச்சலில் உருப்படியாய் ஒரு வரி:
முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்.
எட்டாயிரத்து எண்பதாம் போர்ட்டில்
யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.
யார்?
நாலாயிரத்து நூற்று இருபத்தேழு.
பழைய சேவை பெற்ற பிராசஸ்.
தாய் முறைப்படி செத்தாயிற்று,
பிள்ளையை ஒன்றாம் எண் தத்தெடுத்திருக்கிறது,
எல்லா அநாதைகளையும் எடுப்பதுபோல
ஊர் பேர் கேட்காமல்.

கில், ஒரு இடைவெளி, மைனஸ் ஒன்பது, எண்.
தட்டிவிட்டேன். என்டர் மட்டும் பாக்கி.

ஏனோ இன்னொரு திரையில்
யூனிட் ஃபைலைத் திறந்தேன்.
பதினோராம் வரி: தாயை மட்டும் நிறுத்து.
அதன் தலைமேல் ஹேஷ் போட்டு ஒரு குறிப்பு.
"பிள்ளைங்கள விட்ருங்க. பாதி புக்கிங்ல இருப்பாங்க.
பெனடிக்டா, ஜூன் 2019."

அந்த ஜூனில் நானும்தான்
குடத்தின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி
வரிசையில் விட்டுவிட்டு ஆபீஸ் போனேன்.
பெனடிக்டாவைப் பார்த்ததில்லை.
உட்கார்ந்திருப்பது அவள் நாற்காலி,
ஒரு சக்கரம் சுற்றாது.

பேக்ஸ்பேஸ். பன்னிரண்டு முறை.

திறந்திருந்தது ஒரே ஒரு இணைப்பு.
வியாசர்பாடி, ஒன்பதாயிரம் லிட்டர்,
பெயர் செல்லக்கிளி.
பணம் கட்டும் பக்கத்தில்
ஓடிபிக்குக் காத்திருக்கிறாள்,
இரண்டே முக்காலுக்கு,
சிக்னல் ஒரு கோடு இருந்தால் அதிகம்.

நானும் காத்திருந்தேன்.
சேவை செத்தது அவளுக்குத் தெரியாது.
டீயில் ஆடை படிந்தது.
ஒரு முறை தவறான எண்.
மறுபடி அனுப்பு.
வாளியில் சொட்டு.

வந்துவிட்டது.
டோக்கன் முப்பத்தொன்று, காலை ஆறு முதல் எட்டுக்குள்.
நாலாயிரத்து நூற்று இருபத்தேழு
பட்டியலில் இல்லை.
தோல்விக் கணக்கைத் துடைத்துவிட்டு
ஸ்டார்ட் கொடுத்தேன். பச்சை.

வாசல் காலியாகும்வரை நில் என்று
ஒரு வரி சேர்த்தேன்.
பெனடிக்டாவுக்குக் கீழே
நானும் ஒரு ஹேஷ் போட்டேன்:
"ஆமாங்க. சில சமயம் அரை மணி நேரம்கூட ஆவும்."

வாளி நிரம்பியிருந்தது.
ஜன்னல்வரை தூக்கிப் போய்
திரும்பி வந்து
பாத்ரூம் டிரம்மில் ஊற்றினேன்.