எந்தப் பக்கம்

எந்தூரு என்று முதலில் கேட்பார்கள்.
சொன்னால் அதோடு விடமாட்டார்கள்.
"மானூர்ப் பக்கமா? சரிட்டி,
ஊருக்குள்ள எந்தப் பக்கம்?
கோயிலுக்கு மேக்கயா, ஓடைக்குக் கிழக்கயா?"
எந்தப் படிவத்திலும் அச்சாகாத கேள்வி.
விடுதி வார்டன் கேட்டாள்.
ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி கேட்டார்.
நெறியாளர், மூக்குக்கண்ணாடியைத்
துடைத்துக்கொண்டே,
சும்மாதான், ஒரு பழக்கத்துக்கு.

என் அறையில் அஜிதா.
காரையாறு அணையைப் படகில் கடந்து
அப்புறமும் ஏறி நடக்கிற
காணிக் குடியிருப்புக்காரி.
எந்தப் பக்கம் என்றால் யோசிப்பாள்.
"பதினோரு வீடு.
யானை வர்ற பாதை ஒண்ணு,
நாங்க போற பாதை ஒண்ணு.
ரெண்டும் ஒண்ணுதான்."
கேட்டவர்கள் அடுத்ததாகத்
தேன் கிடைக்குமா என்பார்கள்.

தை முடிந்ததும்
பன்முகப் பண்பாட்டு விழா என்று பேனர் கட்டினார்கள்.
அஜிதாவை இலை உடுத்தி ஆடச் சொன்னார்கள்.
"எங்கம்மை நைட்டிதான் போடுவா,
அதை உடுத்திட்டு வரட்டா?" என்றாள்.
புள்ளியியல் இரண்டாம் ஆண்டு;
ஆட்டம் தெரியாது.
மிசோரத்துப் பையன் லால்ரின்புயாவிடம்
மூங்கில்கழி கொடுத்தார்கள்.
அவன் ஊரில் கடல் இல்லை என்பதால்
கடலுயிர் படிக்க வந்தவன்.
இரண்டாம் தாளத்திலேயே
கணுக்காலில் அடி வாங்கினான்.
கைதட்டல் பலமாகத்தான் இருந்தது.

மேடைக்குக் கீழே
நாற்காலிகள் வரிசை பிரிந்திருந்தன,
மணிக்கட்டுக் கயிற்றின் நிறப்படி.
மஞ்சளும் சிவப்பும் ஒரு பக்கம்,
பச்சை ஒரு பக்கம்.
நானும் அன்று
தெரிந்த முகங்கள் பக்கமாய்ப் பார்த்துதான்
போய் உட்கார்ந்தேன்.
அந்தப் பன்மைக்குப் பேனரில் இடமில்லை.

நிர்வாகக் கட்டடத்தின்
பின்படிக்கட்டுக்கு அடியில் ஓர் அறை.
'மாணவர் ஆதரவு மையம்', பலகை புதிது.
பூட்டு பழையது.
சாவி ஆவுடையப்பன் சாரிடம் என்றார் பதிவாளர்.
பதிவாளரிடம் என்றார் ஆவுடையப்பன் சார்.
பதினோரு நாள் மாறி மாறி நடந்தோம்.
மனுவின் ஓரம்
வியர்வையில் சுருண்டுபோயிற்று.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம்
கதவு திறந்துகிடந்தது.
உள்ளே பிச்சம்மாள்,
துடைப்பங்களுக்கு நடுவே
தூக்குவாளியைத் திறந்து
புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார்.
"சாவியா? ஆறு வருசமா
என் இடுப்புலதான் கெடக்கு.
எங்கிட்ட யாரு கேட்டா?"

கேட்கத் தோன்றவில்லை எங்களுக்கும்.
கேள்வி கேட்டே நொந்துபோன எங்களுக்கும்.

உடைந்த நாற்காலி ஒன்பது,
திருத்திய விடைத்தாள் இரண்டு மூட்டை,
செத்த பல்லி ஒன்று.
எல்லாம் வெளியே போயின.
துடைப்பங்கள் அங்கேயே இருந்தன.
பிச்சம்மாளும் மத்தியானச் சோற்றுக்கு வந்தார்.
அஜிதா சுவரில் ஒரு தாள் ஒட்டினாள்:
உதவித்தொகை, விடுதி, தேர்வுக்கட்டணம்,
யாராவது ஏதாவது சொன்னால்,
ஒன்றுமில்லை, சும்மா இருக்கவேண்டும் என்றால்.

முதலில் வந்தது ஒரு பையன்.
கட்டணம் பாக்கி,
ஹால் டிக்கெட்டை நிறுத்திவிட்டார்கள்.
மணிக்கட்டில் கயிறு இருந்தது,
அதன் மேல் முழுக்கைச் சட்டையை இழுத்து இழுத்து விட்டான்.
நான் வாயைத் திறந்தேன்.
"எந்தூ..."
மேசைக்கு அடியில்
அஜிதாவின் செருப்பு என் காலை மிதித்தது.

அதற்குள் அவனே
ஒப்பிக்கத் தொடங்கிவிட்டான்,
ஊர், தெரு, கோயிலுக்கு எந்தப் பக்கம்,
அப்பா பெயர், அவர் செத்த வருசம்.
"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் அவள்,
"எந்த செமஸ்டர்?"

அவன் கொஞ்சநேரம்
பதில் தெரியாதவன்போல் நின்றான்.
பிச்சம்மாள் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார்.
வருமானச் சான்று வேண்டும்,
கிராம அதிகாரி செவ்வாய்க்கிழமைதான் வருவாராம்.
தென்காசி சாலையில் பஸ் போகிற சத்தம்.
நான் காலைத் தடவிக்கொண்டே
படிவத்தை எடுத்தேன்.