சொத்து எண் 0417

ஹவல்லி. மதியத்துக்கு
ஷட்டர் இறங்கப் பத்து நிமிடம்.
கண்ணாடி மேசையில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள்.

ஒன்று விளையாட்டுப் பிள்ளைகளுக்கானது:
மூன்று விசிறி, விளிம்பில் ஓடும் ஊதா வெளிச்சம்,
நூற்று முப்பது தினார்.
வேகத்தில் குறை சொல்ல முடியாது.
அறையில் இருப்பதும் அந்த ஜாதிதான்;
பம்ப் ஹவுஸைச் சுழற்றினால்
ஒரு வால்வு சுவருக்குள் போய்விடும்,
எட்டு அங்குலக் குழாய் நடுங்கும்.

மற்றது வேலைக்கானது.
ஒற்றை விசிறி. கோடு என்றால் கோடு.
"புதுசு முந்நூறு. இது பழசு, தொண்ணூற்றைந்து"
என்கிறார் நௌஷீர்.

திருப்பினேன்.
பாதி கிழிந்த ஸ்டிக்கரில்
என் பழைய கம்பெனி.
சொத்து எண் 0417.
என் மேசைக்கடியில் இருந்த அதே பெட்டியின் எண்.

கம்பெனி மூடியபோது
மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
கார்டுக்கு மட்டும்
ஏலத்தில் விலை கிடைத்திருக்கிறது.

நௌஷீரிடம் அதைச் சொல்லவில்லை.
ஐந்து குறைக்கக் கேட்டேன்,
இரண்டு குறைத்தார்.

ராத்திரி, பழைய பல் பிரஷ்ஷால்
விசிறியைத் துடைத்தேன்.
அந்த ஆபீஸின் தூசி.
மாட்டி, பம்ப் ஹவுஸைச் சுழற்றினேன்:
வால்வு இருந்த இடத்திலேயே இருந்தது.

மணி ஒன்றரை.
இன்னும் பதினாறு ஷீட்.