பீஸ் ஷார்ட்

சென்னியப்பண்ணா,
கவர் கசங்காம, பின் துருவேறுன இடத்துல
விரல் படாம படிச்சு முடிச்சுட்டனுங்.
அறுபத்தி மூணாம் நம்பர்.
விலை ரெண்டு ரூவா அம்பது காசு.
பேரிடியனும் பாதரசனும்
பெரிய பாலத்துமேல மோதிக்கிற கடைசிச் சண்டை.
"இதுக்கு மேல ஒரு சண்டையை
எவனும் வரையலை, இனி வரையவும் மாட்டான்,
படிச்சுட்டுச் சொல்லு சாந்தாமணி"ன்னீங்க.
சொல்றனுங்.

மொதல்ல நல்லது.
இருபத்திரெண்டாம் பக்கம்,
ஆளா நின்ன பாதரசன் கழுத்துலருந்து உருகி
பாலத்துக் கம்பி வழியா இறங்கறானே,
அந்தப் பக்கத்துல ஒரு வார்த்தை இல்லை.
வரைஞ்சவருக்கு வாயை மூடத் தெரிஞ்சிருக்கு.
ரிப் துணியை இழுத்து விட்டாப்புல
கோடு நீண்டு, சுருங்கி,
மறுபடி முகமாகுது.
ராத்திரி ஒரு மணி டீ பிரேக்குல பாத்தேன்,
டம்ளர்ல ஆடை கட்டிப்போச்சு.

அப்புறம் அந்த நடுப்பக்கக் குத்து.
நீங்க கவர் போட்டுக் கும்பிடற குத்து.
கருப்புக் கோடு தாடையைத் தொடுது.
செவப்பு தொடலீங்ணா.
கலர் ஒரு நூல் தள்ளிப்போச்சு.
மடக்குன கை இங்கே,
கையோட நெறம் அக்கட்டால.
நம்ம பிரிண்டிங்ல இப்படி வந்தா
செகண்ட்ஸ்னு தூக்கி எறிஞ்சிருவாங்க,
காதர்பேட்டையில கிலோ கணக்குல போகும்.
ஆனா எனக்கென்னமோ பிடிச்சுதுங்.
ஓங்கறதுக்கும் படறதுக்கும் நடுவுல
பேரிடியன் ஒரு நொடி யோசிச்சாப்புல.
கதை எழுதுனவர் அந்த யோசனையை அவனுக்குக் குடுக்கலை,
அச்சு மெஷின் குடுத்திருக்கு.

வசனம் ஜாஸ்தி.
"அற்பனே, உன் ஆட்டம் முடிந்தது!"
பாலம் இடியறப்ப எவன் இத்தனை சுத்தமாப் பேசுவான்?
ஷிப்மென்ட் அன்னைக்கு நம்ம மொதலாளிக்கு
முழுசா ஒரு பேரே வாயில வராது.

இனி, நான் சொல்ல வந்தது.
இருபத்தேழாம் பக்கம், மேல் கட்டம்.
பாலத்துமேல ஓடற சனம்.
பதினாலு வருசமாச் செக்கிங்ல நிக்கறேன்,
எதைப் பாத்தாலும் விரல் தன்னால எண்ணும்.
பதினொண்ணு.
கொடை விரிச்ச ஒருத்தர், ரெண்டு நர்சு,
கொழந்தையைத் தூக்கிட்டு ஒரு பொம்பளை,
கடைசியில செவப்புச் சட்டை போட்ட ஆளு,
கையில தூக்குப்போசி.
முப்பத்தொண்ணாம் பக்கம்
பேரிடியன் எல்லாரையும் கரையில இறக்கி விடறான்.
கை தட்டறாங்க.
பத்து.

திரும்ப எண்ணுனேன். பத்துத்தானுங்.
பதினொண்ணு கட்டி அனுப்புன பண்டல்ல பத்து வந்தா
நாம டேபிள் டேபிளாத் தேடுவோம்,
ஓவர்லாக் அடியில குனிஞ்சு,
வேஸ்ட் மூட்டையைக் கொட்டி,
கேட்டுல பொம்பளைங்க பையைத் தடவி.
ஒரு பனியனுக்கு.
இங்கே ஒருத்தரும் குனியலை.
பேரிடியன் இடுப்புல கை வெச்சு நிக்கறான்.
மேயர் மாலை போடறாரு.
அடுத்த மாதம் புதிய சாகசம், தவறாதீர்கள்.

டியூப்லைட்டுக்கு நேராப் பிடிச்சுப் பாத்தேன்.
முப்பதாம் பக்கம், ஆத்துத் தண்ணியில,
சுத்திக் கோடே இல்லாம
கடுகு சைசுல ஒரு செவப்பு.
சட்டையா, மை தெறிச்சதா,
சொல்லத் தெரியலை.
விடிஞ்சு வீட்டுக்குப் போறப்ப
நொய்யலும் செவப்பாத்தான் ஓடுச்சு,
எந்த டையிங்காரனோ ராத்திரி தொறந்து விட்டிருக்கான்.
பாலத்துமேல வண்டியை ஓரங்கட்டி எட்டிப் பாத்தேன்.
பின்னால பஸ்காரன் ஆரன் அடிச்சான்.

மார்க் கேட்டீங்க.
பத்துக்கு ஒம்பது போடலாமுங்,
உருகுன கழுத்துக்கும் படாத குத்துக்கும்.
ஆனா பாஸ்னு என்ற சீலு விழாது.
அறுபத்திநாலாம் நம்பர் இருந்தாக் குடுங்க.
புதுச் சண்டை எனக்கு எதுக்குங்.
எந்தக் கட்டத்து மூலையிலாச்சும்
ஒரு தூக்குப்போசி
கரை ஒதுங்கிக் கெடக்குதான்னு பாக்கோணும்.