கடைசி இரண்டு எழுத்துகள்

பதினொரு சதவீதம் மிச்சம்.
கொள்முதல் படிவத்தின் அடியில்
நான்தான் எழுதினேன்,
கொஞ்சம் பெருமையாகவே.

நாரின் ஆற்றங்கரையில் எஃகு வந்திறங்கிய அன்று
புருல்ச்சா லாரியைப் பார்க்கவில்லை,
தாளைக் கேட்டாள்.
வலிமை சரி. தடிமன் சரி.
விரல் கீழே இறங்கி
பெயருக்கு வால் மாதிரி ஒட்டியிருந்த
இரண்டு எழுத்துகளில் நின்றது.
"இதை எந்தக் குளிரில் அடித்துப் பார்த்தார்கள்?"

குளிரிலேயே இல்லை.
இருபது டிகிரி வெப்பத்தில்,
சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு யாரோ.

இங்கே ஜனவரியில்
கறந்த பால் வீடு சேர்வதற்குள் வாளியோடு உறையும்.
எனக்குத் தெரியாதா? பிறந்ததே இங்கேதான்.
தெரிந்ததை நிரப்பப் படிவத்தில்
கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

தோக்தோசுன் ஒரு துண்டு வெட்டி
நடுவில் சிறு கீறல் போட்டான்.
இரவெல்லாம் உலர்பனிக்கட்டியில் கிடந்தது.
காலையில் இடுக்கியில் பூட்டி
சம்மட்டியை ஒரே ஒருமுறை ஓங்கினான்.

வளையும் என்று நினைத்தேன்.
வளைகிற எதுவும்
முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லும்.
இது சொல்லவில்லை.
முறிந்த முகம்
கற்கண்டு மாதிரி மினுமினுத்தது.

நாற்பத்திரண்டு டன். திரும்ப எடுக்க ஆலை மறுத்தது.
புதியதற்குப் பதினேழு வாரம்.
அதற்குள் கிரேன் வேறு ஊருக்குப் போய்விட்டது.
கரைக்கு ஒன்றாய்க் கட்டி முடித்த தூண்கள்
நடுவே ஆறு ஓட
பேச்சு முறிந்த சம்பந்திகள் போல நின்றன.

ஊர்க்கூட்டத்தில் திட்டெல்லாம் அவளுக்கு:
காகிதத்தைப் பார்த்துப் பாலத்தை நிறுத்தியவள்.
நான் பின்வரிசையில்
மடியில் தொப்பியை வைத்து
அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.

வந்த எஃகில் பாதி
பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறைக்குப் போனது.
அங்கே எப்போதும் வெதுவெதுப்பு.
ஒழுங்காய்த்தான் சுமக்கிறது.
இரும்பைக் குறை சொல்ல முடியாது.

ஓய்வூதியப் பையோடு தபால்காரி குல்பர்ச்சின்
பிப்ரவரி வரை உறைந்த ஆற்றின் மேலேயே நடந்தாள்.
மார்ச்சில் ஆறு முனகத் தொடங்கியதும்
முப்பத்தெட்டு கிலோமீட்டர் சுற்று.
நேற்று என்னிடம் கையெழுத்து வாங்கினாள்.
பாலத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
முழங்கால் வரை சேறு.

அவள் போனபின்
கைப்பிடிக் கம்பிக்கான படிவத்தை எடுத்தேன்.
ஓரத்தில், ஸ்கேல் இல்லாமல்,
கோணலாய் ஒரு கட்டம் வரைந்து
உள்ளே எழுதினேன்:
ஜனவரி, மைனஸ் முப்பத்தெட்டு.

விலைக்கான கட்டம்
அச்சில், நேராக,
இன்னும் அதைவிடப் பெரிதாகத்தான் இருந்தது.