இதயம் நீங்கலாக

ரூசாஃபா சந்தைக்குப் பின்புறம், இரண்டாவது மாடி.
மின்விசிறி ஒரு பக்கம் மட்டுமே திரும்பும்.
அம்பாரோ எங்கள் முன் மூன்று தாள்களை
வைத்தாள், சீட்டு விளையாட்டில் தோற்றவள் போல,
எல்லாவற்றையும் நிமிர்த்தி.

முதலாவது மலிவு.
ஆனால் மருத்துவரை ஒவ்வொரு முறை பார்க்கவும்
கையிலிருந்து பன்னிரண்டு யூரோ போகும்.
"இதைக் கொண்டுபோனால் குடியேற்ற அலுவலகத்தில்
திருப்பி அனுப்பிவிடுவார்கள்.
முழுச் செலவையும் காப்பீடே ஏற்க வேண்டும்.
அவர்கள் கேட்பது அவ்வளவுதான்."
அவ்வளவுதான்.

இரண்டாவதில் காத்திருப்புக் காலம்:
மூட்டுக்கு எட்டு மாதம், பிரசவத்துக்குப் பத்து.
டூகால் என்னைப் பார்த்தான். எனக்கு அறுபத்தாறு.
"பத்து மாதம் பொறுக்க மாட்டாயா, இஷ்பெல்?"
மொழிபெயர்க்காமலே
அம்பாரோவுக்குப் புரிந்துவிட்டது.

மூன்றாவது நல்ல தாள்.
அதில் கேள்விகள் இருந்தன.

அன்றிரவு வாடகை வீட்டில் சண்டை.
கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்களுக்கு எப்போதாவது...
"இல்லை என்று போடு" என்றான்.
ஆபர்டீனில், ஒரு நவம்பரில்,
கல்தூசி படிந்த கோட்டோடு ஆம்புலன்ஸில் கிடந்தாயே,
அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்றேன்.
"பதினேழு மில்லிமீட்டர் ஸ்டென்ட்.
அதைவிட நீளமான பொய்யெல்லாம் சொல்லியிருக்கிறேன்."
அவன் தூங்கிய பிறகு
மெய்யைப் பற்றி மெய் எழுதினேன்,
நீல மையில்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது.
என் கண்புரையை ஏற்றுக்கொண்டார்கள். இடுப்பையும்.
அவனுக்குக் கல்லீரல் உண்டு,
சிறுநீரகம் இரண்டும் உண்டு,
நுரையீரல் உண்டு
(நாற்பதாண்டுத் தூசியைப் பற்றி யாரும் கேட்கவில்லை).
கடைசிப் பத்தியில், எறும்பு எழுத்தில்:
இதயமும் அதைச் சார்ந்தவையும் நீங்கலாக.

"சார்ந்தவை என்றால்?"
அம்பாரோ பேனா மூடியைக் கடித்தாள்.
ரத்தக்குழாய்கள், என்றாள்.
அவன் என் பக்கம் தலையைச் சாய்த்து,
"இவள்?"

இதயத்தையும் சேர்த்துக்கொள்ளும் கம்பெனி ஒன்று இருந்தது.
இருவருக்கும் மாதம் அறுநூற்று எண்பது.
ரொட்டி வாங்கிய பையின் பின்புறம்
கணக்குப் போட்டோம்: ஓய்வூதியம், வாடகை,
விற்ற மோட்டார் சைக்கிளில் மிச்சம்.
பை போதவில்லை. பணமும்.
"அலுவலகம் கடைசிப் பத்தி வரை படிக்காது"
என்றாள் அம்பாரோ, எங்களைப் பார்க்காமல்.

நாய்க்கும் ஒரு காப்பீடு எடுத்தோம்.
மாதம் ஒன்பது யூரோ. இதயம் உட்பட.

வங்கியில் ஒரு தனிக்கணக்கு தொடங்கினேன்.
செயலி பெயர் கேட்டது.
டூகாலின் இதயம், என்று கொடுத்தேன்.
இருப்பு: நூறு.

அலுவலகத்தில் அந்த இளைஞன்
பதினொரு பக்கங்களையும் விசிறிபோல் புரட்டி
முத்திரையை மட்டும் பார்த்தான். மூன்று நொடி.
பிறகு ரேகைக் கருவி.
என் விரல் பதிந்தது. அவனுடையது பதியவில்லை.
துடைத்தான், மறுபடி. ஈரத்துணி, மறுபடி.
உளி பிடித்துக் காப்புக் காய்த்த கை.
அவனிடம் இருந்த ஒரே முழுக் காப்பு அதுதான்.
"ரேகையெல்லாம் ஆபர்டீன் வங்கிகளின்
வாசற்படியில் இருக்கிறது,
போய் எடுத்துக்கொள்ளச் சொல்" என்றான்.
நான் மொழிபெயர்க்கவில்லை.
அவன் விரல்மேல் என் விரலை வைத்து அழுத்தினேன்.
ஆறாம் முறை பச்சை விளக்கு.

அட்டை நாற்பது நாளில் வரும்.

திரும்பும் வழியில் ஒரு வலை நிறைய ஆரஞ்சு.
லிஃப்ட் பழுது. எங்கள் வீடு நான்காம் மாடி.
காப்பீடு உள்ள நாய் முன்னால் ஓடிவிட்டது.
இரண்டாம் மாடித் திருப்பத்தில்
டூகால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றான்.
என்ன என்றேன்.
"ஒன்றுமில்லை. வெளியே பார்க்கிறேன்" என்றான்.

அந்தச் சுவரில் சன்னல் இல்லை.