பாவனையாளர்

மர்சூக் கேட்டது ஏழு படங்கள்.
கிரேக்கக் கதைகள், சிறுவர்களுக்கு, கெட்டி அட்டை.
அச்சு இரண்டு நிறத்தில்: கறுப்பு, காவி.
நீலத்துக்குக் காசில்லை.
"மாறி முடிஞ்சதை வரைங்க" என்றார்,
"மாறக்குள்ள வேணாம், புள்ளைகள் பயந்துடும்."

மரமானவளை முடித்தேன். வெறும் இலை.
கல்லான பிறகும் அழுகை ஓயாத தாயை
கல்கிசையில் அலை நனைக்கும் பாறையொன்றைப் பார்த்து
ஒரே பின்னேரத்தில் வரைந்தேன்.
சிலந்தியானவள் அதைவிட இலகு.

ஐந்தாவதில் பேனை நின்றது.
புருஷனைக் கடல் கொண்டுபோக
கரையிலிருந்து பாய்ந்தவள்
தண்ணீரைத் தொடுமுன் மீன்கொத்தியானாள்.

என் வீட்டுக்காரரைக் கடல் தொடவேயில்லை.
வெள்ளவத்தை ஸ்டேஷன் வாங்கில்
கடலைப் பார்த்தபடி இருந்தார் நவநீதன்.
ஆறு பத்து ரயில் வந்து போனது.
ஆறு நாற்பதும்.
கடலை விற்கிற பொடியன்தான்
"ஐயா" என்று தோளைத் தொட்டிருக்கிறான்.
மடியில் அரை றாத்தல் பான், இன்னும் சூடாக
என்று சொன்னார்கள். நான் நம்பவில்லை.

அவளுக்குத் தெய்வங்கள் இரங்கின.
எனக்கு மின்சார சபையில் படிவம் தந்தார்கள்.
வடிவம் கேட்டு நின்றவளுக்குப் படிவம்.
பெயர் மாற்றம், இரண்டு பிரதி,
மரணச் சான்றிதழ், அடையாள அட்டை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை
எழுத்துக்கூட்டிய தமிழில், கவனமாக,
"இனி நீங்க பாவனையாளர்" என்றாள்.

பத்துத் தரம் வரைந்தேன்.
பறவை வந்தது, பெண் வரவில்லை.
பெண் வந்த அன்று
இவளுக்கு மட்டும் ஏன் என்று
சிறகோடு சேர்த்துத் தாளைக் கிழித்தேன்.

எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் கால்வாய்.
பிளாஸ்டிக் போத்தல்களுக்கு மேலே
கேபிள் வயரில் ஒரு மீன்கொத்தி.
உடம்புக்கு மிஞ்சிய தலை. கால் இருக்கிறதா
என்று தேட வேண்டும்.
பாய்ந்தது, தவறவிட்டது,
அதே வயருக்குத் திரும்பி வந்து உதறியது.
அது யாருமில்லை.
யாராகவும் இருந்ததுமில்லை.
பார்த்துக்கொண்டே இருந்ததில்
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அன்றிரவு வரைந்தேன், மாறும்போதே.
ஒரு கை கையாகவே கிடக்க
மற்றதில் இறகு முளைக்கிறது, பரு முளைப்பதுபோல்.
வாய் பாதி அலகு. கூப்பிட்ட பெயர்
அதற்குள் சிக்கி நிற்கிறது.
இடது பாதத்தில் ரப்பர் செருப்பு,
வலதில் ஒன்றுமில்லை:
ஸ்டேஷனுக்கு நான் ஓடியது அப்படித்தான்.

மர்சூக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கிரேக்கத்தில ரப்பர் செருப்பா?"
"அவசரத்தில் போட்டிருப்பாள்" என்றேன்.
வேறொன்றும் கேட்காமல்
படத்தை மற்றவைக்கு நடுவில் செருகினார்.

இந்த மாத பில் என் பெயரில் வந்திருக்கிறது.
எழுத்துப் பிழை ஒன்று. பரவாயில்லை.
யூனிட் குறைந்திருக்கிறது,
ஒரு மின்விசிறி ஓடாத அளவுக்கு.